ஒரே கை ஓட்டின மெஷின்

லேத் ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் லேத் வாங்கவும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் பெரிய வியாதி. சம்பளத்துக்கு நின்று, சீட்டுப் பிடித்து, சொந்தமாக முதல் லேத் வாங்கி மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

அண்ணாச்சியின் இரக்கம்

காட்கோபரில் ஊர்க்கார அண்ணாச்சியின் பட்டறையில் பதினாலு வருஷம் ஒரே லேத்தில் நின்றேன். பம்புக்குள் போடும் புஷ் என்ற குட்டிக் குழாய்த்துண்டுதான் எப்போதும் வேலை. அது விரல் நீளத்தைத் தாண்டாது. மெஷின் ஐந்தடி நீளம் இருந்தும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ பக்கத்து முக்கால் அடியிலேயே என் காலம் ஓடியது.

பெரிய வேலைகளுக்குப் புது மெஷின் வருகிறது, பழையதை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், எனக்கே கொடுங்கள், தவணையில் அடைக்கிறேன் என்று கேட்டேன். அவர் என் தோளில் கைபோட்டார்.

“அது தேஞ்ச மெஷின்டே. அதப் போயி உன் தலையில கட்டுனா எனக்குல்லா பாவம்.”

வளையல்

அந்தப் பெரிய மனசை நினைத்து உருகிக்கொண்டே வேலையை விட்டேன். தாராவியில் தெருமட்டத்தில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. புது லேத் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. பழையதற்கும் சீட்டுப் பணம் பத்தவில்லை. மூத்தவள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையலை என் மனைவி ஜெயா எடுத்து வைத்தாள். இது போனால் இன்னொன்று கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“தாரேன். ஆனா அந்த மெஷினு நம்ம சந்துக்குள்ள நொழையுமான்னு மொதல்ல அளந்து பாருங்க.”

பாண்டுப் கொட்டகை

நான் ஒழுங்காக அளந்தது அந்தச் சந்தின் அகலத்தை மட்டும்தான்.

பாண்டுப்பில் பழைய மெஷின் விற்கும் கொட்டகையில் பளபளவென்று பச்சைப் பெயிண்டில் ஒரு லேத் நின்றது. புது மோட்டார், புது சக், புதுப் பெயர்த்தகடு. புனேயிலிருந்து வந்ததாம். கியர் சத்தம் கேட்டேன், சின்னத் துண்டு ஒன்றைக் கடைந்து பார்த்தேன், சுத்தமாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அதன் கைப்பிடி என் உள்ளங்கையில் அப்படியே பொருந்தியது. இதுதான் நமக்கென்று வந்த மெஷின் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீளமான கம்பி ஒன்றைக் கடைந்து பார்க்க வேண்டும் என்ற புத்தி அப்போது எங்கே போனதோ. வியாபாரி நான் கலங்கியதைப் பார்த்துவிட்டான்.

“யோசிக்காதீங்க அண்ணா, ஒரே கை ஓட்டின மெஷின், பக்கா மால்.”

முதல் ஆர்டர்

சுனாபட்டியில் பம்ப் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் முழ நீளத்தில் நாலு ஷாஃப்ட் கேட்டார். சரியாக வந்தால் மாதாமாதம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். நான் கடைந்தது சக்குப் பக்கம் பெருத்து, மறுமுனைக்குப் போகப்போகச் சிறுத்து வந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டினேன், அளவு நேராகவில்லை. வெட்டும் உளி நகர்ந்து போகும் அடிப்பாளம் சக்குப் பக்கத்தில் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது. விற்றவன், விற்ற மால் திரும்பாது என்று போனை வைத்துவிட்டான். ஷாஃப்டை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் நீட்டினேன். உருட்டிப் பார்த்தார்.

“நான் ஷாஃப்ட் கேட்டேன் அண்ணே, நீங்க கேரட் சீவிக் கொண்டாந்திருக்கீங்க.”

பித்தளைப் பிடி

கை வியர்வையில் கைப்பிடியின் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. உள்ளே பித்தளை. காட்கோபரில் பழைய பிடி ஒடிந்தபோது, மிச்சப் பித்தளையில் என் கைக்குத் தோதாக நானே கடைந்து மாட்டிய பிடி. அடியில் நான் அடித்த என் இனிஷியலும் இருந்தது. அந்தப் பள்ளமும் நான் தேய்த்த பள்ளம்தான்.

ஜெயாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எனக்குக் கொடுத்தால் தவணை, கொட்டகைக்காரன் கொடுத்தது ரொக்கம். அதை நான் சொல்ல, அவர் மறுக்கவும் இல்லை.

“தேஞ்ச மெஷின்னு நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லாடே. சரி, அதுல புஷ் மட்டும் ஒழுங்கா வரும், நம்ம புஷ் வேலைய அனுப்பி விடட்டா?”

இன்றும் அதே மெஷினில், அதே முக்கால் அடியில், அதே அண்ணாச்சிக்கு அதே புஷ்தான் கடைகிறேன், கரண்ட் பில் மட்டும் இப்போது என் பெயரில் வருகிறது.