வடகவுஞ்சிக் குளிரில் ஆறு பேட்டரி செல்கள்

வடகவுஞ்சிக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, ஆறு பேட்டரி செல்களைச் சோதித்துப் பார்க்க. 2008 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. என் மகள் மலர் அந்த ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம்தான் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மூச்சு இறுகினால், மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கும் மெஷினை முகத்தில் வைத்துப் பத்து நிமிடம் இழுக்க வேண்டும். அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். நவம்பர் மழையில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போய், ஜீப் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிப் போகும்படி ஆகிவிட்டது.

வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கரண்ட் இல்லாம அந்த மிஷினு ஆறு தடவ ஓடணும். ஓடலையா, வேலைய விட்டுட்டு இறங்கி வரச் சொல்லுங்க." ஆறு தடவை என்றால் ஒரு பகல், ஒரு ராத்திரி தாங்கும். மலரும் போனில் சரியென்று ஒத்துக்கொண்டாள்.

நான் பத்தாவதில் கணக்கில் விழுந்தவன். பழனியில் தகரக்கூரை போட்ட செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்தால் உள்ளே விரல் தடிமனில் லித்தியம் செல்கள் இருக்கும். எல்லாம் செத்திருக்காது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் சும்மா வைப்பேன். 4.2 வோல்ட்டிலிருந்து ரொம்ப இறங்கியதைத் தள்ளிவிடுவேன். இறங்காமல் நின்றதை ஒரு மோட்டார்பைக் பல்பில் மாட்டி, 3 வோல்ட் வரும்வரை எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரம் பார்ப்பேன். அப்படிப் பொறுக்கிய ஆறை ஒரு கட்டாகக் கட்டி ஒரு டப்பாவில் வைத்தேன். கடையில் அதே மாதிரி ஒரு மெஷினை மாட்டிப் பார்த்தேன், எட்டுத் தடவை ஓடியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்காரி கட்டுக்குத் திருநீறு பூச வந்தாள். செல்லின் முனையில் பட்டால் கெட்டுவிடும் என்று டப்பாவுக்கு மட்டும் பூசச் சொன்னேன்.

பழனி பஸ் ஸ்டாண்டில் மதியம் 2.20க்கு வண்டி. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய், இரண்டே கால் மணி நேரம். இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றும் என்பதால் கண்ணை மூடியே ஏறினேன். காட்சி பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கண்டக்டர் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்து, "என்னங்க, பஞ்சாமிர்தமா?" என்றார். "பேட்டரிங்க" என்றேன். அவர் இரண்டு சீட் தள்ளி நின்றுகொண்டார்.

மலர் குடியிருப்பது லெட்சுமியக்கா வீட்டின் பின்னறையில். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அக்கா காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார். "வாங்க ஐயா, தேத்தண்ணி குடிங்க" என்று குரங்குக் குல்லாயும் கொடுத்தார். என் தலைக்கு அது பத்தவில்லை. மலர் சிரித்த சிரிப்பில் எனக்குக் குளிர் போய்விட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மருந்து இல்லாமல் வெறும் உப்புத்தண்ணி ஊற்றி மெஷினைப் போட்டேன். வாயைத் திறந்தால் ஆவி பறக்கிற குளிர். இரண்டு தடவை ஓடியது. மூன்றாவதில் ஆறாம் நிமிடம் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது.

சொன்னால் வெட்கம், என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

மலர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். "அரைப்பரீட்சை முடியட்டும்ப்பா. அதுக்குள்ள வேற டீச்சர் பாத்துக்கச் சொல்றேன்." அழவில்லை. நோட்டுகளை ஒரே அளவாக அடுக்கி அடுக்கி வைத்தாள்.

அப்போது லெட்சுமியக்கா வேலைக்குக் கிளம்ப, அடுப்போரம் கிடந்த டார்ச் பேட்டரிக் கட்டைகளை எடுத்துத் துடைத்து டார்ச்சில் போட்டார். "எதுக்குக்கா அங்க வச்சிருக்கீங்க?" என்றேன். "குளுருல கட்டை வெறச்சுப் போகும்ங்க. சூடு காட்டுனா நல்லா எரியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. தகரக்கூரைப் புழுக்கத்தில் சோதித்ததை மலைக் குளிருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். செல்லில் தெம்பு இருக்கிறது, விறைத்துப்போய்க் கொடுக்க முடியவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மலர் அடுக்கிய நோட்டுகளில் மேலே இருந்ததைப் பார்த்தேன். ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கழித்தலுக்குப் பக்கத்தில், 'பரவாயில்லை, இன்னொரு தடவை போட்டுப் பார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். எனக்கு அப்படி ஒரு டீச்சர் வாய்க்கவில்லை.

"நாளைக்கும் ஒருக்கா பாத்துருவோம்த்தா" என்றேன்.

"கடை?"

"அது எங்கயும் போகாது."

பகலில் திரும்பச் சார்ஜ் ஏற்றினோம். திங்கள் வெள்ளனே ஐந்து மணிக்குச் செல்களை ஒரு துண்டில் சுற்றிச் சட்டைக்குள்ளே வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மலர் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசம்ப்பா?" என்றாள். ஆறு மணிக்கு வயரை மட்டும் வெளியே இழுத்து மெஷினில் மாட்டினோம். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது ஓடும்போது அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஏழும் ஓடியது. நானே நிறுத்தினேன்.

என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். ஏழு மணிக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்கு நேரமாச்சு என்று ஓடினாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இறங்க 9.40க்கு ஒரு பஸ், அதை விட்டால் மதியம்தான். டிசம்பரில் ஸ்வெட்டர் இரண்டு வேண்டும். லித்தியம் செல் கொண்டுபோனால் முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடாதீர்கள். டார்ச் கட்டை மாதிரி இதை அடுப்போரம் வைக்கவே கூடாது, வெடித்துவிடும். உடம்புச் சூடு போதும். தோல் உரிந்ததும் உப்பியதும் வேண்டாம். எந்த ஊரில் ஓட வேண்டுமோ அந்த ஊரில் வைத்துச் சோதியுங்கள். சோதிக்கிறவன் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரி செம்பில் தண்ணி கொடுத்துவிட்டு நின்றாள்.

"ஓடுது. ஏழு தடவ."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "கடையில இன்னும் நல்ல செல்லு எத்தன கெடக்கு?"

"அஞ்சு."

"இன்னும் ஒண்ணு தேடுங்க. மாத்துக்கு ஒரு கட்டு இருக்கட்டும் புள்ளைக்கு."