ராஜாவைக் குத்த ஆள் இல்லை

போன அமாவாசையன்று எங்கள் ராசிபுரத்தில் ஒரு ராஜா சாக வேண்டியிருந்தது. சாகவில்லை. அதாவது, ஒழுங்காகச் சாகவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் நாடக சபைக்குத் திடீரென்று சரித்திர மோகம் பிடித்தது. யாரோ பரணிலிருந்து ஒரு பழைய சரித்திர நாடகப் புஸ்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அருமையான தமிழ். பாட்டே கிடையாது, பக்கம் பக்கமாகப் பேச்சு. ஐந்தாம் அங்கத்தில் ராஜாவை அவனுடைய தளபதியே குத்திக் கொல்கிறான். எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் யாரும் அதை மேடையேற்றியதில்லை. ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்...

ராஜா — ஜவுளிக்கடை முத்துசாமி. தளபதி — அர்த்தநாரி; நெசவுக்காரர், வெண்கலக் குரல். தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது நான். மாற்றலாகி வந்த தபாலாபீஸ் குமாஸ்தாவுக்கு வேறென்ன வேஷம் கொடுப்பார்கள்?

மூன்று மாதம் ரிகர்சல். முத்துசாமி ராஜா வேஷம் கேட்டு வாங்கியதே கடைசிப் பேச்சுக்காகத்தான். குத்துப்பட்ட பிறகு ராஜா இரண்டு முழுப் பக்கம் பேசிவிட்டுத்தான் உயிரை விடுவான். கடையில் துணி கிழிக்கும்போதுகூட மனிதர் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ரிகர்சலில் விரலை நீட்டிக் குத்தினார்கள். தொல்லை இல்லை. நாடகத்துக்கு முதல் நாள் கத்தி வந்தது. பழைய தறிக்கட்டையைச் சீவி, வெள்ளிக் காகிதம் ஒட்டிய கத்தி. அதைப் பாவாயி பார்த்துவிட்டாள்.

பாவாயி யார்? முத்துசாமியின் மனைவி. அர்த்தநாரியின் ஒரே தங்கை. இந்த ஊரில் எந்த இரண்டு பேரை மேடையில் நிறுத்தினாலும் மாமன் மச்சானாகத்தான் இருப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஏனுங்ணா, தங்கச்சி புருசனைக் குத்துன கையோட வந்து எம் புள்ளைய மடியில வெப்பீங்களா? குத்துனீங்கன்னா, காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கறேன்!"

அர்த்தநாரிக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்த மாதம் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதற்கென்று முழ நீளப் பட்டு ஒன்றை அவரே நெய்து வைத்திருந்தார்.

"நாடகம்தானே, அம்மா..." என்று நான் வாயை விட்டேன்.

"நாடகத்துல இன்னொருத்திக்குத் தாலி கட்டறேன்னு சொல்லிப் பாருங்க சார். உங்க ஊட்டுல சும்மா உடுவாங்களா?"

நான் தட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

அமாவாசை. தறி ஓடாத நாள். கியாஸ் லைட் கிடைக்காததால் பிற்பகல் மூன்று மணிக்கே நாடகம். தெருவே திரண்டிருந்தது. முன்வரிசையில் பாவாயி, மடியில் குழந்தை.

ஐந்தாம் அங்கம். "அரசே, உன் காலம் முடிந்தது!" என்று கர்ஜித்தார் அர்த்தநாரி. கத்தியை ஓங்கினார். முன்வரிசையைப் பார்த்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"குத்து" என்றேன் மெதுவாக. "குத்து!" என்றேன் பலமாக. நாலாவது வரிசை வரை கேட்டிருக்கும். பாவாயி குழந்தையைத் தூக்கி நிறுத்திக் காட்டினாள்.

கண்ணை மூடி மார்பை நிமிர்த்தி நின்ற ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "குத்துங்க மச்சான்... பேச்சு மறந்துரும்!"

"மாட்டேனுங்க மாப்பிள்ளை. எனக்கு மடி போயிருமுங்க."

"உட்டுருங்க சாமி, நல்ல ராசா!" என்றது கூட்டம்.

மூன்று மாத மனப்பாடம் வீணாவதா? முத்துசாமி கத்தியைப் பிடுங்கித் தானே கக்கத்தில் செருகிக்கொண்டு சாய்ந்தார். "துரோகியே! என் நெஞ்சைப் பிளந்த பாதகனே!" என்று ஆரம்பித்தார். பாதகனோ அவர் தலையை மடியில் தாங்கி, அழுதுகொண்டே துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் முடிகிறவரை விசிறினார்.

பாவாயி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் பாத்துக்கோங்க! அவராத்தான் குத்திக்கிட்டாரு. எங்கண்ணன் மேல தப்பில்லீங்க!"

அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

சரித்திரத்தில் பாருங்கள்... அண்ணன் தம்பியைக் குத்துகிறான், மருமகன் மாமனைக் குத்துகிறான். அந்த அரண்மனைகளில் காதுகுத்தே நடக்கவில்லை போலிருக்கிறது!

சபைக்கு மனம் ஆறவில்லை. மறுபடி போட வேண்டும், முறைப்படி ராஜா சாக வேண்டும். என்னிடம் வந்தார்கள். "உங்களுக்கு இங்க ஒட்டு உறவு யாருமில்லீங்களே. நீங்களே குத்திப்போடுங்க சார்."

ஒன்றரை வருஷத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த முதல் வேஷம். பெருமையாக இருந்தது. ஒட்டு உறவு இல்லை என்றது கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கத்தியை வாங்கிவந்து கண்ணாடி முன்னால் நாலு நாள் பழகினேன்.

நேற்று வாசலில் பாவாயி. கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு.

"நம்ம ஊட்டுக் காதுகுத்துங்க. நீங்களும் மடிக்குப் பக்கத்துல நிக்கோணும். வந்துருங்க அண்ணா."

கத்தியைச் சபைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.