எங்கள் சமையல்கட்டில் சொன்ன வார்த்தை

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆனால் ராயபுரத்தில் அவரை யாரும் கிரேன்காரர் என்று சொன்னதில்லை. சங்கத்துக்காகப் பேசுகிறவர் என்றுதான் சொல்வார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் துறைமுக வாசலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பார். மைக் கிடையாது. லாரி இரைச்சலையும் கூட்ஸ் வண்டி இரைச்சலையும் தாண்டி, கடைசியில் நிற்கிற ஆளுக்கும் கேட்கும்.

அவரை எனக்குக் காட்டியதே என் அண்ணன்தான். "அதோ பேசறான் பாரு, என் தோஸ்து. அவனைத்தான் உனக்குக் கேட்டுகினு கீறேன்" என்றான். அண்ணன், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் கிளார்க். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அப்பா போன பிறகு குடும்பத்தைத் தாங்கியவன். நான் தூரத்தில் நின்று பேச்சைக் கேட்டேன். முகம் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். காசிமேட்டிலிருந்து காலையிலேயே மீன் வாங்கி வைத்துவிடுவேன். இருவரும் சமையல்கட்டிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பரிமாறுவேன். வாரத்திலேயே எனக்குப் பிடித்த பொழுது அதுதான். இரண்டு பேருமே என்னுடைய ஆட்கள் என்ற நினைப்பு.

நெருக்கடி நிலை வந்தபோது முதலில் எங்கள் தெருவுக்கு அது உறைக்கவில்லை. டெல்லியில் என்னவோ நடக்கிறது என்று பேசிக்கொண்டோம். இங்கே ஆட்சியைக் கலைத்த பிறகுதான் அது ராயபுரத்துக்குள் நுழைந்தது. கூட்டம் கூடாது என்றார்கள். சங்கத்துப் பெரிய ஆட்கள் சிலரை மிசா சட்டத்தில் கொண்டுபோனார்கள். பேச்சைக் குறை, உழைப்பைக் கூட்டு என்று சுவரில் எழுதினார்கள். டீக்கடையில் அரசியல் பேசக்கூடாது என்று பலகை தொங்கியது. அது இல்லாவிட்டாலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன் யார் என்று யாருக்குத் தெரியும்?

என் கணவர் வாசலில் பேசுவதை நிறுத்தினார். ஆறு நாளும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருவார். ஏழாவது நாள் எங்கள் சமையல்கட்டில் எல்லாவற்றையும் கொட்டுவார். அண்ணனும் விடமாட்டான். "அப்புறம் இன்னா மச்சான், உள்ளார பசங்க இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பேச ஆளில்லாத மனுஷனுக்கு இவனாவது காது கொடுக்கிறானே என்று எனக்கு அவன்மேல் பாசம் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுவா மண்டைக் குழம்பு. என் கணவர் மீன் தலையைக் கையில் எடுத்தார். அதன் வாய் பிளந்திருந்தது. "பாத்தியா மச்சான், இப்ப இந்த ஊர்ல தெகிரியமா வாய் தொறக்கற ஜென்மம் இது ஒண்ணுதான். அதுவும் செத்தப்புறம்" என்றார். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சில நாளில், காலையில் வேலைக்குப் போனவரைத் துறைமுக வாசலிலேயே மஃப்டியில் வந்த போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஓடிவந்து சொன்னார். நான் நேரே அண்ணனின் ஆபீசுக்கு ஓடினேன். வேறு யாரிடம் போவேன்? அவன் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று எழுந்து, ரிக்‌ஷா பிடித்து என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தான்.

என் கணவரைப் பனியனோடு தரையில் உட்காரவைத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, கேட்ல அந்தப் பேச்சு பேசினவன், இங்க வாயே தொறக்க மாட்றான்? செத்தப்புறம்தான் தொறப்பானா? அந்தக் கொடுவா மீனு மாதிரி?"

பக்கத்திலிருந்த ஏட்டும் சிரித்தார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுச் சட்டியில் கிடந்த மீன் இந்த ஆள் வாய்க்கு எப்படி வந்தது? பிறகு புரிந்தது. அந்தச் சமையல்கட்டில் இருந்தது மூன்றே பேர். என் கணவர் தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். முதலில் அண்ணனை, பிறகு என்னை. என்னைப் பார்த்த பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. வலியில் அப்படிப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், எதிரே மரக்கட்டை அடுக்கியிருந்த மர வாடிச் சுவர் ஓரமாக அண்ணனை நிறுத்தினேன்.

"நீயா?"

அவன் கீழே பார்த்தான். "எங்க ஆபீஸ் சரக்குல ஏதோ தகராறுன்னு வந்தாங்க தங்கச்சி. என்னை உள்ள போட்ருவேன்னாங்க. வாரத்துக்கு ஒருக்கா வந்து நாலு சேதி சொல்லிட்டுப் போ, வுட்டுர்றோம்னாங்க."

"அதுக்கு எம்புருசன்தான் கெடச்சாரா?"

"நான் இன்னா அவன் குண்டு வைக்கிறான்னா சொன்னேன்? சோறு துண்றப்போ தமாஷா பேசினத தமாஷாதான் சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க தங்கச்சி. சிரிச்சவங்க புடிச்சுகினு போவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவன் அழுதான். என் கையைப் பிடிக்க வந்தான். நான் உதறிவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் சோற்றைத் தின்றுகொண்டே, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறான்.

அவரையும் மிசாவில் ஜெயிலில் போட்டார்கள். அங்கே அவரைப் பார்க்க அனுமதி கிடைப்பதற்கே மாதங்கள் ஆயின. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு சி.ஐ.டி. ஆள், நாங்கள் பேசுவதைக் கேட்பதற்கென்றே. அவர் ரொம்ப இளைத்திருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்:

"குழாயாண்ட யார்கிட்டனா சொன்னியா?"

"எத?"

"நான் சோறு துண்றப்போ பேசினத. பொம்பளைங்களோட தண்ணி புடிக்கச்சொல்லோ, விளையாட்டா யார்கிட்டனா சொன்னியா?"

அன்றைய பார்வைக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. இத்தனை மாதமும் உள்ளே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நடுவில் நின்றவன் என் வாயையே பார்த்தான். அவர்களுக்குச் சேதி சொல்கிறவன் யாரென்று நான் சொல்லி, அதற்காக உள்ளே இவரை மறுபடியும் அடித்தால்? "நான் இல்லய்யா. சத்தியமா நான் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

"சரி" என்றார். நம்பாமலேயே ஃபோர்மேனிடம் சொல்கிற மாதிரி ஒரு சரி. கடிதத்தில் எழுதலாமென்றால் அதையும் பிரித்துப் படிப்பார்கள். அவர் வெளியே வரும்வரை அந்தச் சந்தேகத்தோடேயே இருக்கட்டும் என்று விடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தேர்தல் அறிவித்த பிறகு விட்டார்கள். துறைமுக வாசலில் வரவேற்பு வைத்தார்கள். மறுபடியும் டிரம், மறுபடியும் பேச்சு. யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம், இனி வாய்விட்டுப் பேசலாம் என்றார். கைதட்டல் ஓயவில்லை. மாலை போட்டவர்களின் வரிசையில் என் அண்ணனும் நின்றான். என் கணவர் குனிந்து அந்த மாலையை வாங்கிக்கொண்டார். நான் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மர வாடியருகே அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர், "அவன் பயந்தாங்கொள்ளி. உள்ள ஒரு நாளு தாங்க மாட்டான். போவட்டும் வுடு" என்றார்.

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டார்.

"அவனை வுடுய்யா. என்னை எப்படி நெனச்ச?"

"அவன் தோஸ்தாச்சே. சொல்ல மாட்டான்னு நெனச்சேன். பொம்பள வாயி, ஏதோ தெரியாம..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வாசலில் வந்து நின்றான். "வா மச்சான்" என்று இவர் கூப்பிட்டார். நான் எழுந்துபோய் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றேன். "நான் இந்த வூட்டுல கீற வரைக்கும் நீ உள்ள வரக்கூடாது" என்றேன். அண்ணன் இவரைப் பார்த்தான். இவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருவரும் ஹோட்டலில் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அண்ணன் பெரம்பூர் பக்கம் குடிபோனான். அவர்கள் அவ்வப்போது பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் அதை மறைக்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் நல்ல மனுஷர்தான், கடைசிவரை என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் சங்கத்து விஷயம் எதையும் அதற்குப் பிறகு என் முன்னால் பேசியதில்லை. யாராவது தேடி வந்தால் தெருவுக்கு அழைத்துப்போய்விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பழகிப்போச்சு" என்றார்.