ஆகாயத்தில் மூன்று மணி நேரம்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி பாடம் நடத்தினார்.

"துபாய் எவ்ளோ தூரம்னு கேட்டா மைல் கணக்கு சொல்லாதம்மா, பயந்துடுவாங்க. பம்பாய்லேருந்து மூணு மணி நேரம்னு சொல்லு."

பொய் இல்லை. டைம்டேபிளில் ஃப்ளையிங் டைம் அப்படித்தான் இருந்தது. அந்த மூன்று மணிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன உண்டு என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு சித்திரை மாதக் காலையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். நாங்கள் துபாய்க்கு அனுப்பிய சாதிக்கின் தாய்மாமன். சாதிக்கின் தாயார் இரவில் மௌத்தாகிவிட்டார். எங்கள் போனில் டிரங்க் கால் போட்டு, மதியம்தான் லைன் கிடைத்தது. "இன்னைக்கே கெளம்புறேன் மாமா. எங்கம்மா மொகத்த பாக்கணும், எடுத்துடாதீங்க" என்று அழுதிருக்கிறார் சாதிக்.

போனை வைத்துவிட்டுப் பெரியவர் முதலாளியைக் கேட்டார். "எப்ப வந்து சேருவான்? மய்யித்த ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதுங்க."

முதலாளி விரலை மடக்கினார். "பம்பாய்க்கு மூணு மணி. அங்கேருந்து மெட்ராஸுக்கு ரெண்டு மணி. கார் வச்சா விடியறதுக்குள்ள வூட்டுல நிப்பான்."

"சார், பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும், அத வாங்கணும். மெட்ராஸுக்கு சீட்டும் கெடைக்கணும்" என்றேன்.

"நீ டைப் அடிம்மா."

பெரியவர் என் பக்கம் திரும்பவேயில்லை. முதலாளி நாற்காலியில் இருப்பவர் பேச்சைத்தானே ஊர் நம்பும்?

ஐஸ் பாளம் வாங்கிப்போய் வைத்துக் காத்திருந்தார்கள். விடிந்தும் மகன் வரவில்லை. உச்சி வெயில் ஏறியதும் இனித் தாங்காது என்று ஜமாஅத்தார் அடக்கம் செய்துவிட்டார்கள். சீக்கிரம் அடக்க வேண்டிய ஒரு தாயை அந்த வெக்கையில் போட்டு வைத்தது எங்கள் ஆபீஸ். பாஸ்போர்ட் கைக்கு வரவும் பம்பாயில் வெயிட்டிங் லிஸ்டில் கிடக்கவுமாக நாள் போய், மூன்றாம் நாள்தான் சாதிக் வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் அவர் ஆபீசுக்கு வந்தபோது முதலாளி காபி வரவழைத்து, "நம்ம கையில என்னங்க இருக்கு, எல்லாம் விதி" என்றார். விதியாம். வாய்கூசாமல் சொன்னார்.

சாதிக் காபியைத் தொடவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார். "எங்கம்மா உங்ககிட்ட வந்து தூரம் கேட்டுச்சு. மூணு மணி நேரம்னீங்க. 'திருச்சிக்குப் போயிட்டு வர்ற நேரந்தானே, ஒடம்புக்கு முடியலன்னா வந்துட மாட்டியா'ன்னு சொல்லித்தான் என்னைய அனுப்புச்சு."



இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ஒரு தாய் வந்து தூரம் கேட்டால் அங்கே அவன் தங்கும் அறையிலிருந்து இங்கே அவள் வீட்டு வாசல் வரைக்கும் கணக்குச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவள் மகனை அனுப்பாமல் போனால் போகட்டும். விற்காமல் போவது ஒரு டிக்கெட்தான்.