சுற்றி வரச் சொன்ன விமானம்

பினாங்கு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை செய்கிறேன். இறங்குகிற, ஏறுகிற விமானங்களோடு வானொலியில் பேசுவதுதான் என் வேலை. எங்களுக்கு ஓடுபாதை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு விமானத்துக்குத்தான் அதில் இடம்.

வானொலிப் பேச்சுக்கென்று ஒரு மரியாதை உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். நான் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்வார். சரியாகச் சொல்கிறாரா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஏன், எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மனத்தாங்கல் இருந்தால் தரையிறங்கிய பிறகு தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டியது. சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்கு ரொம்ப விறைப்பாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு பேச்சை முடிப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லிவிடுவோம்.

அன்று மதியம் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து வரும் விமானத்தில் ஒரு பயணிக்கு நெஞ்சுவலி, மூச்சுவிடத் திணறுகிறார் என்று தகவல் வந்தது. அதற்கு முன்னுரிமை கொடுத்து மற்ற விமானங்களையெல்லாம் ஒதுக்கி நிறுத்தினோம். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சென்னை விமானத்துக்கு முன்னால் ஒரே ஒரு சிறிய விமானம் இருந்தது. ஏற்கெனவே ஓடுபாதையை நெருங்கிவிட்ட அது, இறங்கி ஒதுங்குவதற்குத் தாராளமாக நேரம் இருந்தது.

சிறிய விமானம் இறங்கியது. அதன் கேப்டன் உள்ளூர்க்காரர், குரலை வைத்தே அடையாளம் தெரியும். ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும் சொன்னார்: ஓடும்போது சக்கரத்தில் ஏதோ அடித்தது, பறவையாக இருக்கலாம், டயர் கிழிந்ததாகவும் இருக்கலாம், ஓடுபாதையைப் பார்த்துவிடுவது நல்லது.

அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் பார்க்காமல் அடுத்த விமானத்தை இறக்கக்கூடாது. கிழிந்த டயர்த் துண்டு ஒன்றை எஞ்சின் இழுத்துக்கொண்டால் போதும். சென்னை விமானம் கடல்மேல் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் விளக்குகளைக் கண்ணாலேயே பார்த்தேன். உள்ளே அந்த நோயாளி மட்டுமல்ல, மற்றப் பயணிகளும் இருந்தார்கள்.

இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வாருங்கள் என்றேன்.

சென்னை விமானத்தின் கேப்டன் நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விமானம் எங்கள் கண்ணாடிக்கு நேராக உறுமிக்கொண்டு மேலே போனது. என் மேலதிகாரி பின்னால் வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோதனை வண்டி ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. பிறகு திரும்பி வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார் வண்டியில் இருந்தவர்.

சென்னை விமானம் வட்டமடித்து வந்து இறங்கியது. நிற்க வேண்டிய இடத்துக்குத் திரும்பும்போது கேப்டன் அதே குரலில், "மருத்துவக் குழு நிதானமாகவே வரலாம்" என்றார். வானொலியில் சாவைச் சாவு என்று சொல்வதில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டதாகப் பதில் சொன்னேன். அவர் வழக்கம்போல நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு சிறிது நேரம் யாருமே பொத்தானை அழுத்தவில்லை. காத்திருந்த விமானிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சற்றுப் பொறுத்துத் தொலைபேசி அடித்தது. சிறிய விமானத்தின் கேப்டன்.

"ஏதாவது கிடைத்ததா?" என்று மலாயில் கேட்டார்.

"ஒன்றும் இல்லை, கேப்டன்."

"தெரிமா காசே" என்று மலாயிலேயே நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இறந்தவர் மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை செய்தவர் என்பது இரண்டொரு நாளில் தெரிந்தது. என் நாத்தனார் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே அவர்கள் வீடும் இருந்தது. துக்கத்துக்குப் போனபோது நாத்தனார் பேச்சுவாக்கில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டார். கூடவே விமானத்தில் வந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். மேலதிகாரியிடம் கேட்டேன். "போயிட்டு வா லா. வேலையைப் பத்திப் பேசாதே" என்றார்.

கருமாதி அன்று போனேன். சடங்கு முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என்னை அறைக்குள் அழைத்துப்போய்க் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"எறங்கப் போன பிளேன் ஏம்மா திரும்ப மேல போச்சு?" என்று கேட்டார். "கீழ ரோடு, ரோட்டுல போற காடியெல்லாம் தெரிஞ்சுச்சு. வந்துட்டோம், வந்துட்டோம்னு அவர்கிட்ட சொன்னேன். சுத்துனப்போ என் கையப் புடிச்சிருந்தாரு. எறங்குனப்போ புடிப்பு இல்ல."

வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. ஆனால் என்னால் அந்த அறையில் வேறு எதையும் பேச முடியவில்லை.

"முன்னால எறங்குன பிளேன் எதையோ இடிச்சதா சொன்னாங்கக்கா. ரன்வேய பாக்காம உங்கள எறக்க முடியாது. நான்தான் சுத்தி வரச் சொன்னேன்."

"என்ன கெடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

வெளியே யாரோ இலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப எறங்கியிருக்கலாம்."

"எறங்கியிருக்கலாம்க்கா. அப்ப தெரியல."

"பிளேன் ஓட்டுனவர்கிட்ட எங்க வீட்டுக்காரரு நெலம சொன்னாங்கதானே? அவரு உங்கள ஒண்ணும் கேக்கலயா?"

"கேக்கல. நான் சொன்னத அப்படியே திருப்பிச் சொன்னாரு."

"நானா இருந்தா கத்தியிருப்பேன்," என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போங்க" என்றார்.

சாப்பிட்டேன். அவரே வந்து ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

படியிறங்கும்போது அறைக்குள் பேசியதை நாத்தனாரிடம் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பருந்து செத்துக் கெடந்துச்சு, கல்லு கெடந்துச்சுன்னு ஏதாச்சும் சொல்லியிருக்கலாம் லா. அவங்களுக்கு ஒரு ஆறுதல்."

"கேட்டாங்க அண்ணி. அதான் சொன்னேன்."

"எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்னு இருக்கா?"

அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அந்த அம்மாள் முகத்தில் பிறகு ஆறுதல் எதையும் நாத்தனார் பார்க்கவில்லை. ஒன்றுமே இல்லாத ஓடுபாதைக்காகத் தன் வீட்டுக்காரரைச் சுற்றவிட்டார்கள் என்று அடுக்குமாடியில் எல்லோரிடமும் சொன்னாராம். சொன்னது பொய் இல்லை. ஆகவே நாத்தனாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. சில மாதங்களில் அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு கெப்பாலா பத்தாஸ் என்கிற ஊருக்குப் போய்விட்டார்.

சென்னை விமானத்தின் கேப்டன் இன்னும் வந்து போகிறார். குரல் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிடும், அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்கிறேன். இறங்கலாம் என்கிறேன். அவர் திருப்பிச் சொல்கிறார்.