அதே மேசை, அதே பொரித்த கோழி

புளோரிடாவில் இருக்கும் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். தலைகீழாகத் தொங்கவிடும் வண்டி, தண்ணீர்ச் சறுக்கு, இருட்டியதும் வானவேடிக்கை எல்லாம் இருந்ததாக மனைவி சொல்கிறாள். படங்களும் சாட்சிக்கு இருக்கின்றன. எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு மேசை மட்டும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், பச்சைப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேசை. அந்தப் பூங்காவில் கப்பலுக்குள் ஓர் உணவகம், குகைக்குள் ஓர் உணவகம் என்று எத்தனையோ இருக்க, இரண்டு பயணங்களிலும் எல்லா இரவும் நாங்கள் அந்த மேசையில்தான் இருந்தோம். பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும்தான் சாப்பிட்டோம். முதல்நாள் அங்கே சமையற்காரர் வெளியே வந்து, நெஞ்சில் கைவைத்து, தன் சமையலறையில் அந்தப் பொருள் கிடையாது என்று சொன்னார். பிறகு நான் ஏன் வேறு கடை தேடுகிறேன்?

அந்தப் பொருள் கஜு, முந்திரிப்பருப்பு. மகளுக்கு அது ஒவ்வாது. தடித்துச் சொறிகிற ஒவ்வாமை இல்லை, மூச்சை அடைக்கிற ஒவ்வாமை. நாலு வயதில், மொன்ட்ரியாலில் லாசால் பக்கம் ஒரு பிறந்தநாள் விழாவில்தான் தெரியவந்தது. வேண்டாம் என்று தலையாட்டிய பிள்ளையின் வாயில் ஓர் அன்ரி கேசரியைத் திணித்தா. “ஒரு வாய்தானே, ஒண்டும் செய்யாது.” பத்து நிமிடத்தில் நாங்கள் அம்புலன்சில் இருந்தோம். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சப் பிரெஞ்சும் இறங்கி ஓடிவிட்டது. “கஜு! கஜு!” என்று மட்டும் கத்தினேன். பிரெஞ்சிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே பெயர் என்பதால் அம்புலன்ஸ்காரர் உடனே விளங்கிக்கொண்டார். இந்த நாட்டில் நான் பேசிய ஆகத் திறமான பிரெஞ்சு அதுதான்.

அன்றிலிருந்து என் இடுப்பில் ஒரு பை. அதற்குள் தடித்த பேனை மாதிரி இரண்டு அட்ரினலின் ஊசிகள். மகள் வளர்ந்து தன் பள்ளிக்கூடப் பையில் தனக்கென்று ஊசி வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும், குடும்பமாக வெளியே போனால் காவல் என்னுடையது. வேலைக்கும் கட்டிக்கொண்டு போவேன். அங்கே மகள் இல்லை என்பது வேறு விடயம். பைக்குள் இருப்பது காசு, நான் உண்டியலில், அதாவது வங்கிக்குப் போகாமல் கைமாற்றாக, ஊருக்குக் காசு அனுப்பிக் கொடுக்கிறவன் என்று தொழிற்சாலையில் ஒரு கதை உலாவுகிறது. மரியாதை கூடியிருப்பதால் நான் அதை மறுத்ததில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் சமையல்காரரைப் பார்ப்பேன். மொன்ட்ரியாலில் தமிழ்ச் சமையல்காரர்கள் என்னைக் கண்டால் மூடியைத் தாங்களே திறந்து காட்டுகிறார்கள்.

இந்த வருடம் கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் அங்கே மூன்றாவது முறை போவதாகத் தீர்மானித்தோம். ஹோட்டல் பதிந்தாயிற்று. உணவகங்களைத் தனியாக முன்கூட்டியே பதிய வேண்டும். அதற்கென்று ஒருநாள் விடியக்காலையில் இணையத்தளம் திறக்கும், நல்ல இடங்கள் கண்ணைமூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். ஒருநாள் பின்னேரம் மகள் மடிக்கணினியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது.

“அப்பா, இந்தமுறை சாப்பாட்டுக் கடையெல்லாம் நான்தான் சூஸ் பண்ணுவன்.”

“தாராளமாச் செய். எந்தக் கதிரை வேணும்? சுவர்ப் பக்கமோ, கதவுப் பக்கமோ?”

அவள் சிரிக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். சுற்றிவர மீன் நீந்தும் கண்ணாடி அறைக்குள் ஓர் உணவகம். கண்ணுக்கு முன்னால் இரும்புத் தட்டில் நெருப்பு எழுப்பிச் சமைக்கும் யப்பான் கடை. ஆட்டிறைச்சியை மண்சட்டியோடு கொண்டுவந்து வைக்கும் மொறோக்கோ கடை. மொறோக்கோக்காரர் எதற்குள்ளும் கஜு மாதிரிப் பருப்பு வகை போடக்கூடியவர்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம்.

“எல்லாருக்கும் எழுதிக் கேட்டனான். அலேர்ஜி எண்டா செஃப் மேசைக்கு வந்து கதைப்பாராம்.”

“பதில் எழுதினவனோ சமைக்கப் போறான்?”

அவள் மடிக்கணினியை மூடினாள். “அதே கோழியெண்டா நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் மாமா வீட்ட நிக்கிறன்.”

மாமா, அதாவது மனைவியின் தமையன், இருப்பது நகரத்தின் தொங்கலில், பியர்பொன்ட்ஸில். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் மீசை முளைத்துவிடும். அவளுக்கு அந்த இடத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. அங்கே போய் நிற்கிறேன் என்கிறாள் என்றால் விளையாட்டில்லை. அடுத்த கோடையில் அவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிடுவாள். பிறகு எங்களோடு எங்கே வரப்போகிறாள்?

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“இஞ்சாருங்கோ, பிரச்சினை கஜு இல்லை. நீங்கள்தான்.”

“நான் என்னப்பா செய்தனான்?”

“போன கிழமை கோயில் அன்னதானத்தில ஐயரிட்டையே பாயாசம் என்னத்தில செய்ததெண்டு ரெண்டு தரம் கேட்டனீங்கள். அவர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு முழிச்சவர்.”

தீர்ப்பையும் அவளே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மொன்ட்ரியாலிலேயே நாங்கள் போகாத ஒரு கடைக்குப் போவது. கடையை மகள் தெரிவுசெய்ய வேண்டும், கேட்க வேண்டியதை மகள் கேட்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருந்தால் மீன் கடை, நெருப்புக் கடை, மண்சட்டிக் கடை எல்லாம் பதிவது. சொன்னால் அதே கோழி.

“அப்ப நான் வரேல்லை” என்றாள் மகள்.

ஆக, மகள் எங்களோடு வருவதும் வராததும் என் வாயில் தொங்கியது. என் வாயை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பலவீனமான கயிறு என்று தெரியும்.

மகள் தெரிவுசெய்தது செயின்ட்-மிஷேலில் ஒரு ஹெயிட்டிக்காரரின் சின்னக் கடை. வகுப்புத் தோழி புகழ்ந்திருந்தாளாம். மெட்ரோவில் இரண்டு இடத்தில் மாறிப் போனோம். நான் பையின் மேல் கைவைத்தபடியே இருந்தேன்.

“கையை எடுங்கோ. ஆக்கள் பாக்கினம்” என்றாள் மனைவி.

எடுத்தேன். கை தானாகவே திரும்பிப் போய் அங்கே படுத்துக்கொண்டது.

கடைக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது. உள்ளே வாழைக்காய் பொரியும் வாசம், இறைச்சியில் எலுமிச்சையும் மிளகாயும் ஊறிய வாசம். வேறு நேரமென்றால் எனக்கு அந்த வாசத்துக்கே பாதி வயிறு நிறைந்திருக்கும். மனைவி வேண்டுமென்றே என்னைச் சமையலறைக்கு முதுகு காட்டி இருத்தினாள். நான் மேசையிலிருந்த சோஸ் போத்தலை எடுத்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாசித்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் ஒப்பந்தம். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. முடித்துவிட்டு உப்புப் போத்தலைத் தேடினேன். அதில் எழுத்து இல்லை.

பரிமாறும் அம்மா வந்தா. மகள் பிரெஞ்சில் பேசத் தொடங்கினாள். அவள் பிரெஞ்சு பேசினால் நான் வாலைக்கூடப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடுவேன். ஆனால் ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. கஜு. அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. “ஒரு நிமிசம்” என்பது போல விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனா.

அந்த ஒரு நிமிசத்தில்தான் பக்கத்து மேசைக்கு ஒரு கோப்பை வந்தது. கோழிக் கறி. செம்மண்ணிறக் குழம்பு. அதற்கு மேலே, முழுசு முழுசாக, வளைந்து வளைந்து, பளபளவென்று கஜு.

எழும்பு என்றது ஒரு மனம். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடு என்றது. பதினைந்து வயதுப் பிள்ளை என்னைவிட உயரம், அவளைத் தூக்கினால் முதலில் விழுவது நான். மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மகளும் அந்தக் கோப்பையைக் கண்டாள். பார்த்துவிட்டு, கதிரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

அந்த அம்மா திரும்பி வந்து நின்று நிதானமாகச் சொன்னா. எனக்குப் பாதி விளங்கியது, மீதியை மகள் எங்களுக்குச் சொன்னாள். பொரித்த ஆட்டிறைச்சி தனிச் சட்டி, தனி எண்ணெய். அதில் கஜு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கஜுக் கோழிக்குரிய நாள். வெட்டும் பலகை ஒன்றுதான், கரண்டி மாறியிருக்கலாம். சமையற்காரரால் சத்தியம் பண்ண முடியாதாம்.

மகள் யோசித்தாள். மனைவியின் பார்வை இன்னும் என் வாயிலேயே இருந்தது. நான் பயந்தாங்கொள்ளி இல்லை, நானும் சாதாரண மனிசன், இதோ பாருங்கள் என்று காட்டிவிட வேண்டும் போல இருந்தது. பியர்பொன்ட்ஸ் பஸ் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. வாய் திறந்தது.

“தனிச் சட்டியெண்டுதானே அந்த மனிசி சொல்லுது. ஆட்டிறைச்சியைச் சாப்பிடன். ஒண்டும் செய்யாது.”

சொன்ன பிறகுதான் என் குரலைக் கேட்டேன். ஒண்டும் செய்யாது. கேசரி அன்ரியின் அதே வசனம், அதே இழுவை. இத்தனை வருடம் எந்த வாயைச் சபித்தேனோ அந்த வாய் என் முகத்திலேயே இருந்தது. கலியாணச் சமையல்காரரை எல்லாம் நடுங்க வைத்த நான், பயமில்லாதவன் என்று பெயரெடுப்பதற்காகப் பிள்ளைக்கு அந்த இறைச்சியை ஊட்டப் பார்த்திருக்கிறேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான்.

மகள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை.

“இல்லை அப்பா. சத்தியம் பண்ணேலாதெண்டா நான் சாப்பிடமாட்டன்.”

பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, உண்மையைச் சொன்னதற்கு மெர்சி சொன்னாள். அந்த அம்மா அவளுடைய தோளைத் தட்டி, செவ்வாய்க்கிழமை வா, அன்றைக்குக் கஜு இல்லை, பலகையை நானே கழுவி வைக்கிறேன் என்றா. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். தெருவோரத்தில் கரிபிடித்த பனிக் குவியல் ஒன்று உருகிக்கொண்டிருந்தது. அதில் சாய்ந்து நின்றேன். காற்சட்டை நனைந்தது.

“நான் பெயிலோ?” என்றேன்.

“வாய் திறந்தனீங்கள்தானே” என்றாள் மனைவி.

“சாப்பிடச் சொல்லியெல்லோ திறந்தனான்.”

“அது அதைவிட மோசம்” என்றாள் மகள்.

மூலையில் இருந்த தெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடையில் உருளைக்கிழங்குச் சிப்ஸும் வாழைப்பழமும் வாங்கினோம். மெட்ரோ நிலையத்து வாங்கில் அமர்ந்து மகள் சிப்ஸ் பையின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தாள். வாசித்துவிட்டு, கேட்காமலே என்னிடம் நீட்டினாள். நானும் வாசித்தேன். திருப்பிக் கொடுத்தேன். அவள் பையைக் கிழித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பெயிலா பாஸா என்று மனைவி கடைசிவரை சொல்லவில்லை.

பதிவு திறக்கிற அன்று விடியக்காலையில் மகள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“எழும்புங்கோ. உங்கட கார்ட்தான் வேணும். நீங்கள் அமத்துங்கோ, நான் சொல்லுறன்.”

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று பக்கம் திறந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது எங்கள் பழைய கடை. போன முறை வந்தவர்கள் என்று அதற்கு எங்களைத் தெரியும். பச்சை விரிப்பு மேசை படத்தில்கூடத் தெரிந்தது. ஓர் அமத்து அமத்தினால் ஒரு கிழமைக்கும் நிம்மதி. என் விரல் அதற்கு மேலே நின்றது. மகள் விரலைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடமாட்டன் என்று கடையை விட்டு எழும்பி வந்த பிள்ளை இவள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“கீழ போங்கோ அப்பா” என்றாள் பிறகு, மெதுவாக.

போனேன். மீன் கடை கிடைத்தது. நெருப்புக் கடையும் கிடைத்தது. மண்சட்டிக் கடை என் விரல் போவதற்குள் நிறைந்துவிட்டது. நான் கவலைப்பட்டது போல நடித்தேன். அவள் உடனே பக்கத்திலிருந்த மெக்சிக்கோக் கடையைச் சொன்னாள். என் நடிப்பு வீணாகியது.

எல்லாம் முடிந்ததும் கையை நீட்டினாள்.

“அங்க போகேக்க ஊசி என்னட்ட. நான்தான் கேப்பன், நான்தான் வைச்சிருப்பன். இப்பவே பழகுறன்.”

பையைக் கழற்றினேன். கொக்கி இலேசில் விடவில்லை, அல்லது நான் விடவில்லை. அவள் பையைத் திறந்து ஓர் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை என் மடியில் வைத்தாள்.

“மற்றது உங்களிட்ட இருக்கட்டும். இல்லாட்டி நீங்கள் என்ன செய்வீங்கள்?”

அடுத்த நாள் வேலைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். பை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மெஷினுக்கு அந்தப் பக்கத்தில் நிற்கும் பொடியன் கவனித்துவிட்டான்.

“என்ன அண்ணை, பை மெலிஞ்சிட்டுது? உண்டியல் படுத்திட்டுதோ?”

“ஓம் தம்பி” என்றேன். “பாதியை மகளின்ர பேருக்கு மாத்திப்போட்டன்.”