மிச்சத்துக்குக் கொண்டுபோன வெண்காளான் சூப்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து சைனாடவுனுக்கும், மறுநாள் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊருக்கும் போனேன். உல்லாசப் பயணம் அல்ல. மிச்சத்தில் என் அண்ணை இருக்கிறார். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. மண்டபம் சிறியதாம். அந்தச் சிறிய மண்டபத்தில் பாதி லண்டன் சாப்பிட்ட படங்களை நான் போனில் பார்த்தேன்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்தும் அண்ணை விழுங்க மறுக்கிறார், இன்னும் எடை குறைந்தால் மூக்கால் குழாய் விடுவார்கள் என்று அவர் மனைவி, என் மச்சாள், போன் எடுத்தார். நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். குழாய் போட விடுவதில்லை என்று முடிவெடுத்தேன், அவ்வளவுதான்.

என்னோடு வேலை செய்யும் ஹொங்கொங் பெண், வறண்ட தொண்டைக்குத் தன் வீட்டில் காய்ச்சும் இனிப்புச் சூப்பைப் பற்றி முன்பு சொல்லியிருந்தாள். சீன வைத்தியத்தில் உடம்பின் வறட்சியைத் தணிக்குமாம். வெண்காளான், பேரிக்காய், காய்ந்த சீன இலந்தைப்பழம், கற்கண்டு. மருத்துவமனையில் கேட்டு, நன்றாக அரைத்துக் கொடுக்கலாம் என்று மச்சாள் சம்மதம் வாங்கினார்.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எம்பாங்க்மென்ட், அங்கிருந்து சைனாடவுன் கடைக்குக் கால்மணி நேர நடை. காய்ந்த வெண்காளான் குளியல் ஸ்பொஞ்ச் போல இருக்கும். எல்லாமாகப் பதினொரு பவுண். எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று கடைக்காரியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒட்டும் வரை."

"அரை மணி நேரம்?"

"அது சாலட்."

அவள் சொன்னது சரி. ஊறவைத்து, அடியிலுள்ள மஞ்சள் தண்டை வெட்டி, பிய்த்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்நறுக்கென்றது. இரண்டரை மணி நேரத்தில்தான் கூழ்ப் பதம் வந்தது. பழங்களைக் கடைசி அரை மணியில் போட்டு, பிறகு எல்லாவற்றையும் அரைத்து வடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி விம்பிள்டன், பிறகு டிராம். இரண்டு மணி நேரம் பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தேன். அண்ணை கதிரையில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"என்னடா அது?"

"சூப்."

மணந்து பார்த்தார். "இது பாயசமெல்லோ? ஆருக்கடா கலியாணம்?"

"உங்கடை மகளுக்குத்தான். அண்டைக்கு எனக்குப் பாயசம் கிடைக்கேல்லை. அதுதான் நானே காய்ச்சிக்கொண்டு வந்தனான்."

மச்சாள் குசினிக்குள் போய்விட்டார். நான் ஊற்றிய கோப்பைக்கு அண்ணை கை நீட்டினார். முதல் கரண்டிக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. கோப்பை அடி தெரிய முக்கால் மணி நேரம்.

"ஏலாட்டி விடுங்கோ அண்ணை."

"மிச்சத்திலை இருந்துகொண்டு மிச்சம் விடலாமோ?" கடைசிக் கரண்டியையும் விழுங்கினார். "இனிப்புக் கூடிப்போச்சு. வாற கிழமை குறை."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். திரும்பும் டிராமில் கோபம் பத்திரமாக என்னோடுதான் வந்தது. ஆனால் கற்கண்டை எவ்வளவு குறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: பால்வெள்ளைக் காளான் வேண்டாம், இளமஞ்சள் நல்லது. இது மருந்துக்குப் பதில் அல்ல. நோயாளிக்கென்றால் மருத்துவமனையில் கேளுங்கள். ஞாயிறு ரயில்கள் ஓடுமா என்று முதலே பாருங்கள். வாய் அகன்ற பிளாஸ்க் வாங்குங்கள், அதுவும் இரண்டாக. நான் கொண்டுபோனதை மச்சாள் கழுவித் தன் அலுமாரியில் வைத்துவிட்டார்.